சூடு காட்டிய பயறு

ஊறிப் பருத்த பயறு, முளை விடாமல் மண்ணுக்குள்ளேயே கிடந்து புளித்துப் போனால் ஒரு வாடை வரும். கழுவ மறந்த பழையசோற்றுப் பானையின் வாடையும் மழைநாளில் காயாத சாக்கின் வாடையும் கலந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னாலும் அது முழுதாகப் பிடிபடாது. பயறு விற்றுப் பிழைத்த வீட்டில் பிறந்தவள் நான், பயற்றின் எந்த வாசனைக்கும் மூக்கைச் சுளிக்கிறவள் இல்லை, ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியாது. சுண்டலுக்கு ஊறப்போட்டு மறந்துபோன கிண்ணத்தை எந்தச் சமையற்கட்டில் யார் திறந்தாலும், நான் கோச்சடையில், சன்னல்களைச் சாக்கால் அடைத்த ஓர் அறைக்குள், கையில் செம்போடு நிற்கிற பத்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறேன். பக்கத்தில் அம்மா ஒரு சட்டியின் மேல் குனிந்து நிற்கிறாள்.

அப்பாவின் கடை கீழமாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்தது. பேருக்குக்கூட ஒரு சோப்புக் கட்டி அங்கே கிடைக்காது. பயறும் பருப்பும் மட்டும்தான். வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் தட்டாம்பயறும் மொச்சையும் பாசிப்பயறும் மூட்டை கட்டி பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுவருவார்கள், துவரை வடக்கே குல்பர்காவிலிருந்து லாரியில் வரும், உளுந்து சில வருடம் கடல் தாண்டியும் வரும். அப்பா குத்தூசியைச் சாக்கின் வயிற்றில் செருகி உருவி, அதன் குழிவில் வந்த நாலு மணியை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் சரக்கு காய்ந்தது என்று அர்த்தம். 'நச்'சென்று நசுங்கினால் எதிரே நிற்கிற சம்சாரியின் முகம் அப்போதே வாடத் தொடங்கிவிடும். நல்ல சரக்கு வந்துவிட்டால் மட்டும் அவர் வியாபாரியாகவே இருக்கமாட்டார். 'இது வீட்டுக்கு' என்று முதல் படியை அளந்து மஞ்சள் பையில் கட்டித் தனியே வைத்துவிடுவார். ஊருக்கே பயறு விற்ற அந்த மனிதரின் வீட்டில் சொத்தைப் பயறு என்ற ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. கல்யாணமாகிப் போய்ச் சிநேகிதிகள் வீட்டில் சுளகில் கல் பொறுக்குவதைப் பார்த்தபோதுதான் பயற்றில் கல்லும் இருக்கும் என்று தெரிந்துகொண்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

பயறு வியாபாரி வீட்டில் கள்ளனுக்குப் பயப்படமாட்டார்கள், வண்டுக்குப் பயப்படுவார்கள். வீட்டுப் பயறு போட்டுவைக்கும் டின்களில் ஒன்றில் புகுந்தால் ஒரு மாதத்தில் வீடு முழுக்க வண்டு பறக்கும். அதற்கு வெயில்தான் வைத்தியம். மொட்டை மாடியில் வேட்டியை விரித்துக் காயப்போட்டு அள்ளுவாள் அம்மா. ஆனால் நான் சொல்ல வந்த அந்த வருடம் ஆவணி பூராவும் மூட்டம், நாளொன்றுக்கு ஒரு தூறல், பாசிப்பயற்று டின்னில் முதல் வண்டு தலைகாட்டிவிட்டது. அம்மா பெரிய இரும்புச் சட்டியை அடுப்பிலேற்றி, டின் டின்னாகக் கொட்டி, எல்லாப் பயற்றுக்கும் 'சூடு காட்டி' வைத்தாள். வறுப்பது வேறு, சூடு காட்டுவது வேறு. நிறம் மாறக் கூடாது, வாசம் எழும்பக் கூடாது, அள்ளினால் கை பொறுக்க முடியாத சூடு ஏறியதும் இறக்கிவிட வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் பழைய பயறுதான், வித்தியாசமே தெரியாது, வேகவைத்தால் ருசிகூடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதற்குள் உயிர் மட்டும் இருக்காது; சமைக்கிற வீட்டில் அதை யார் தேடப்போகிறார்கள்?

செல்வி அத்தை அப்பாவின் ஒரே தங்கை, எங்கள் தெருவிலேயே வாக்கப்பட்டிருந்தாள். அவளுடைய புருஷன் ராசு மாமா லாரி டிரைவர். வடக்கேயிருந்து எங்கள் கடைக்குத் துவரை கொண்டுவருவது பெரும்பாலும் அவர்தான். வந்து இறங்கியதும் அப்பாவைப் பார்த்து, "மச்சான், உங்க துவரையத் தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி கொண்டாந்திருக்கேன், ஒரு மணி சிந்தல" என்பார். கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியும் பிள்ளை இல்லை என்று தெருவுக்குக் கவலை, அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை. அவர் ஊரிலிருக்கிற நாட்களில் அத்தை வீட்டைத் தாண்டிப் போனால் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் அம்புட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பதை நான் அந்த ஒரு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த ஆவணியில் துவரைக்குப் போன மாமாவிடமிருந்து போன் வரவில்லை. போகிற வழியெல்லாம் நின்று தெருமுனை பூத்துக்குப் பேசுகிற மனிதர் அவர். அத்தை பூத்துப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். பிறகு லாரி முதலாளியிடமிருந்து தகவல் வந்தது. வண்டி ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது, சாவி வண்டியிலேயே இருக்கிறது, மாமாவின் துண்டு சீட்டின் மேல் கிடக்கிறது, மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை, ஆள் மட்டும் இல்லை. அப்பாவும் மாமாவின் அண்ணனும் ரயிலேறிப் போய், பாஷை தெரியாத ஊரில் போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து, தாடியோடு திரும்பி வந்தார்கள். லாரியை வேறொரு டிரைவர் ஓட்டி வந்தார். அந்தத் துவரை எங்கள் கடையில்தான் இறங்கியது. இறக்காமல் என்ன செய்வது, அது வெறும் சரக்கு. மில்லுக்குப் போய் உடைபட்டுப் பருப்பாகி, அந்த மாதம் மதுரையில் எத்தனையோ வீடுகளில் சாம்பாராகக் கொதித்திருக்கும். அப்பா அதில் மட்டும் வீட்டுக்கென்று படி அளக்கவில்லை.

புரட்டாசி பிறந்ததும் எங்கள் தெரு அம்மன் கோயிலில் காப்புக் கட்டி முளைப்பாரி போடுவார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கொரு மண்சட்டியில் வைக்கோலும் எருப்பொடியும் மண்ணும் நிரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் துளியும் புகாத அறையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். இருட்டில் வளர்வதால் அந்தப் பயிர் பச்சையாக வராது. வெளிறிய மஞ்சளில், நம்ப முடியாத வேகத்தில், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே ஏறும். விழாவின் கடைசி நாள், கோயில் பொங்கலன்று, அதைத் தலையில் சுமந்துபோய் அம்மனுக்குக் காட்டி, வைகையில் கரைப்பார்கள். எதை நினைத்துப் போடுகிறோமோ அதைப் பாரி சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. செழித்து வந்தால் நினைத்தது நடக்கும். செழிக்காவிட்டால் என்ன என்பதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். கடைசி நாள் வரை அந்த அறைக்குள் இரண்டு பேர்தான் போகலாம். ஒருத்தி காலங்காலமாக முளை போடும் பேச்சியம்மா. இன்னொருத்தி தண்ணீர் ஊற்றும் முறைக்காரி, அது வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். அந்த வருடம் முறை எங்கள் வீட்டுக்கு. வயதுக்கு வராத பிள்ளை ஒன்று செம்பு தூக்கக் கூடப் போகலாம் என்பதால் நானும் போனேன். "உள்ளாற பாத்தது உள்ளாறயே இருக்கணும்" என்று வாசலிலேயே பேச்சியம்மா என் காதைத் திருகிச் சொன்னாள்.

தெருவுக்கு வேண்டிய பயற்றை எங்கள் கடையிலிருந்து தருவது அப்பாவின் வழக்கம். கடைச் சாக்கிலிருந்து நாலு வகையும் கலந்து ஒரு மூட்டை கொண்டுவந்து வீட்டில் வைத்துவிடுவார், பெண்கள் வந்து ஆளுக்கொரு உழக்கு வாங்கிப்போவார்கள். அம்மாவும் எங்கள் பாரிக்கு அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் வாங்கிப் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை வந்து நின்றாள். வருவதா வேண்டாமா என்று அதுவரை யோசித்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "மதினி, நானும் ஒரு சட்டி போடுறேன். அவரு வந்துருவாருன்னு நினைச்சுப் போடுறேன்" என்றாள். மூட்டையில் அடிச் சரக்குதான் கிடந்தது, நொறுங்கலும் தூசியுமாக. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம பிள்ளைக்குப் போயி அடிச் சரக்கையா குடுக்குறது? வீட்டு டின்னுல இருக்குல்ல, அதுல எடுத்துக் குடு" என்று சத்தம் போட்டார். அம்மா பரபரவென்று நாலு டின்னையும் திறந்து, உழக்கு வழிய வழிய அள்ளி அத்தையின் முந்தியில் கொட்டினாள். மணி மணியாக, ஒரு பொக்கு இல்லாத பயறு. அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

விதைத்த மூன்றாவது நாளே அறைக்குள் மண் வெடித்துக் கிளம்பிவிட்டது. சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்தால் சட்டிக்குச் சட்டி வெள்ளை வெள்ளையாகக் கழுத்தை வளைத்துக்கொண்டு முளைகள் நின்றன. சுவரோரம் ஒரு சட்டி மட்டும் மொட்டையாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் அதிலிருந்து நான் முதலில் சொன்ன வாடை வந்தது. யாருடைய சட்டி என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரவர் சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். இதில் கட்டியிருந்தது அத்தையின் ஊதாச் சேலைத் துணி. அம்மா குனிந்து மண்ணை விரலால் கிளறி ஒரு பயற்றை எடுத்து நசுக்கினாள். அது கூழாகிக் கையில் ஒட்டிக்கொண்டது. பேச்சியம்மா அந்தச் சட்டிக்கும் மற்றவற்றுக்குப் போலவே தண்ணீர் தெளித்துவிட்டு நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மா நேரே டின்களிடம் போனாள். ஒரு பிடி பயற்றை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் சாப்பிட வந்த அப்பாவிடம், "நான் சூடு காட்டுன பயத்தயில்ல குடுத்திருக்கேன்" என்றாள். அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தெருச்சண்டை முற்றி வாய் மீறும்போது பெண்கள் ஒரு சாபம் விடுவார்கள், 'உன் பாரியில வறுத்த பயத்தப் போட' என்று. அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. நாத்தனார் புருஷனுக்காகப் போட்ட பாரியில், அண்ணன் பெண்டாட்டி தன் கையாலேயே செத்த பயற்றைக் கொடுத்திருக்கிறாள் என்றால் அதை மறதி என்று யார் நம்புவார்கள்?

"சொல்லிப்புடவா?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ செஞ்சு வச்சேன்னு ஆகிப்போகும். அவுக வீட்டாளுக சும்மா விடமாட்டாக. வாயத் தொறக்காத" என்றார் அப்பா.

"சொல்லலைன்னா அவ புருசன் செத்துட்டான்னு நினைச்சுக்கிருவாளே" என்றாள் அம்மா. அப்பா இலையை மூடிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அத்தை தினமும் வந்தாள். நாங்கள் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற நேரம் பார்த்து எங்கள் வாசலில் நிற்பாள். "மதினி, எதுவும் சொல்ல வேணாம், சொல்லக் கூடாதுன்னு தெரியும். ஒங்க மொகத்த மட்டும் பாத்துட்டுப் போறேன்" என்பாள். அம்மா சிரித்துக் காட்டுவாள். அத்தை அதை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு, நிம்மதியாகத் திரும்பிப் போவாள்.

மற்றப் பாரிகள் ஒரு சாண் உயரம் ஏறியிருந்த அன்று, அறைக்குள் நுழைந்ததும் அம்மா செம்பை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். எங்கள் சட்டியின் கழுத்திலிருந்த தன்னுடைய பச்சைச் சேலைத் துணியை அவிழ்த்தாள். அத்தையின் சட்டியிலிருந்த ஊதாத் துணியையும் அவிழ்த்தாள். இரண்டையும் மாற்றிக் கட்டினாள். எல்லாவற்றையும் பேச்சியம்மா எதிரிலேயே செய்தாள், ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. பேச்சியம்மா விளக்கைத் தூக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்த மொட்டைச் சட்டி யாருது?"

"என்னுது."

"நெசமாவா?"

"என்னுதுதான்."

பேச்சியம்மா விளக்கை இறக்கினாள். பிறகு, "ஒனக்கும் புருசன் இருக்கான்டி" என்று மட்டும் சொன்னாள். அம்மா செம்பை எடுத்துத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம்தான் சொன்னாள், நான் கேட்காமலேயே: "சூடு பட்ட பயறு மொளைக்காது பாப்பா. அம்புட்டுதான். இதுல வேற ஒண்ணுமில்ல." அன்றைக்கே அதை நாலைந்து தரம் சொல்லிவிட்டாள்.

பொங்கல் அன்று சாயங்காலம் அறையைத் திறந்து சட்டிகளை எடுத்துக் கொடுத்தார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் அந்த மஞ்சள் பயிர்கள் கண்ணைக் கூசவைத்தன. ஊதாத் துணி கட்டிய சட்டி அத்தை தலைக்கு ஏறியது, முழங்கை நீளத்துக்கு அடர்ந்து, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்து அம்மா தன்னுடையதை எடுத்துத் தலையில் வைத்தாள். வெறும் மண். பேச்சியம்மா இரக்கப்பட்டு ஒரு கொத்து வேப்பிலையை அதில் செருகிவிட்டாள். குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்களில் நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்டார்கள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை தன் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கொட்டுக்காரர்கள் நகரச் சொன்ன பிறகும் நின்றாள். தெரு நெடுக அம்மா நிமிர்ந்தே நடந்தாள். கோயில் வாசலில் நின்றிருந்த அப்பா, பாரி சுமந்து வருகிற பெண்டாட்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மனைக் கும்பிட்டதாகத்தான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். வைகையில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. மற்றவர்களின் பயிரெல்லாம் மிதந்து போனது, எங்களுடையது மண்ணாக இருந்ததால் இறங்கிய இடத்திலேயே கலங்கி அடங்கியது.

ராசு மாமா வரவில்லை. அந்தப் புரட்டாசியில் வரவில்லை, எந்தப் புரட்டாசியிலும் வரவில்லை. சில வருடங்கள் கழிந்ததும் மாமா வீட்டார் காரியம் செய்துவிடலாம் என்றார்கள், அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் பயறு போடவரும் வாடிப்பட்டிச் சம்சாரி ஒருவர், பெண்டாட்டியை இழந்தவர், நல்ல மாதிரி, அவர் ஆள் விட்டு அத்தையைப் பெண் கேட்டார். அப்பாவுக்கு மனதுக்குள் ஆசைதான். அத்தை சிரித்துக்கொண்டே, "என் பாரி எம்புட்டு உசரம் வளந்துச்சுன்னு நீங்க எல்லாரும் பாத்தீகல்ல?" என்றாள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் அவளுக்கு அது ஒன்றுதான் பதில். பொட்டும் பூவும் தாலியுமாக, எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் முன்னால் வந்து நின்று, அம்மா இருக்கும் பக்கமாகத் திரும்பி அதைச் சொல்லுவாள். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒரு தரம் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், அரிசிப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். "இருட்டுக்குள்ள ஒரு துணிய மாத்திக் கட்டி அவ ஆயுசையே கட்டிப்போட்டுட்டேன்டி" என்றாள்.

அம்மாவைப் பிடித்திருந்த பயம் அது மட்டுமல்ல. கடை அடைத்து அப்பா வரச் சற்றுத் தாமதமானால் போதும், வாசலுக்கு வந்துவிடுவாள். அவருக்கு லேசாக இருமல் வந்தால் அவள் தூங்கமாட்டாள். அந்தச் சட்டி முளைக்காத காரணம் தன் கையால் சூடு காட்டிய அவளுக்கே தெரியும். சூடு பட்ட பயறு முளைக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அப்படியும் அந்த மொட்டைச் சட்டி அவள் தலையை விட்டு இறங்கவே இல்லை. எங்கள் வீட்டில் முளைகட்டிய பயறு என்ற பண்டமே அதற்குப் பிறகு கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்தும் அம்மா அதைச் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா இன்னும் இருக்கிறார். மாட்டுத்தாவணிப் பக்கம் என் வீட்டில், மாத்திரை டப்பாவும் செய்தித்தாளுமாக நன்றாகவே இருக்கிறார். அம்மாதான் போன வருடம் போய்விட்டாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. போவதற்குச் சில நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்த பெறகு அத்தைகிட்டச் சொல்லிரு பாப்பா. சூடு காட்டுன பயறுன்னு சொல்லு. அவளோடதுதான் மொளைக்காமப் போச்சுன்னு சொல்லு. இனியாச்சும் அவ வாசலப் பாக்காம இருக்கட்டும்" என்றாள். சரியென்று சொன்னேன். சொன்னேனே தவிர, கோச்சடைக்கு பஸ் ஏற எனக்கு மாதங்கள் ஆயின.

அந்தச் சந்தில் அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை தொங்குகிறது. குத்தூசியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். துவரையும் உளுந்தும் வண்டே அண்டாத பாக்கெட்டுகளில் வருகின்றன, கடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் யாருமில்லை, நானும் இல்லை. பாரி அறை இருந்த வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டியாகிவிட்டது. பாரிச் சட்டிகளை இப்போது ஆர்டர் கொடுத்தால் வளர்த்தே கொண்டுவந்து இறக்குகிறார்களாம், எல்லாம் ஒரே உயரமாம், ஒன்றுகூட மொட்டையாகப் போவதில்லையாம். அத்தைதான் இதைச் சிரிப்போடு சொன்னாள். தலை முழுக்க வெள்ளை, பொட்டு மட்டும் அதே அளவில் இருந்தது. எனக்காக மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்து, "அத்தே, அந்த வருசம் பாரியில..." என்று எடுத்தேன். அவள் கையமர்த்தினாள்.

"அதான, கேக்கணும்னு நினைச்சேன். நீதான செம்பு தூக்குன? நீ பாத்திருப்ப. உங்கம்மா துணிய மாத்திக் கட்டுனா, இல்ல?"

நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்தேன்.

"துணிய மாத்துனா சட்டி மாறிருமா? நான் வாங்குன சட்டிய எனக்குத் தெரியாதா? அவ தலையில பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. அவரு இல்லைன்னும் அன்னைக்கே தெரிஞ்சு போச்சுடி எனக்கு."

"அப்புறம் ஏன் அத்தே இம்புட்டு நாளா..."

"அவ தாலிய எடுத்து என் கழுத்துல போட்ட மாதிரியில்ல செஞ்சா. புருசன வீட்டுல வச்சுக்கிட்டு, என் மொட்டைய அவ தலையில ஏத்திக்கிட்டு, தெருவே பாக்க நடந்தாளே, எவ செய்வா? அவ குடுத்தத நான் எப்புடிக் கழட்டுவேன்? கழட்டுனா அவ சொமந்தது வீணால்ல போயிரும். என் பாரி வளந்துச்சு வளந்துச்சுன்னு அவ காதுல விழுகட்டும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தேன், அவ மனசு குளுரட்டும்னு." அத்தை முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடந்தது அவருக்காகன்னு ஊரு நினைச்சுக்கிருச்சு. எங்கண்ணனுக்காகக் கெடந்தேன். அந்த மொட்டைச் சட்டி அண்ணனத் தொட்டுறக் கூடாதுன்னு கெடந்தேன்."

அம்மா சொல்லச் சொன்னது என் வாயில் இருந்தது. சூடு காட்டின பயறு, மறதியாக எடுத்துக் கொடுத்தது, அதில் வேறு ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தேன்.

"சாகையில என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா உங்கம்மா?" என்று கேட்டாள் அத்தை.

"ஒங்க பாரி மாதிரி அந்த வருசம் யாரு பாரியும் வளரலைன்னு சொன்னாக" என்றேன்.

அத்தை தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அண்ணனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மீதிக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றப் போனாள்.